தாய்ப்பால் தலைவரும் கதவுள்ள ஒரே அறையும்

எங்கள் ஊரில் ஒரு சங்கம் தொடங்க நினைத்தால் தலைவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவர் எப்போதோ தயாராகக் கதிரையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். உறுப்பினர்களைத்தான் தேட வேண்டும். அந்தப் பெருமகன் வேறு யாருமல்ல, என் அக்கா அருந்ததியின் கணவர் கனகலிங்கம். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, குளத்து வாய்க்காலை நம்பி நெல் விதைக்கிற குடியேற்றம் எங்களுடையது. விவசாயிகளின் கமக்கார அமைப்புக்குத் தலைவர் அத்தான். கோயில் சபைக்கும் அவர்தான். செத்த வீட்டுக்குக் கொட்டகையும் கதிரையும் கொடுக்கிற மரண சகாய சங்கத்துக்கும் அவர்தான். வயலுக்குள் இறங்குகிற யானையை வெடி கொளுத்திக் கலைக்கிற குழுவுக்கும் தலைவர் அவரே. ஆனால் யானை வருகிற அன்றைக்கு மட்டும் அவருக்கு இடுப்புப் பிடித்துவிடும்.

அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தக் காணியில் காடு வெட்டியவர். மகனுக்குக் கத்தி பிடிக்கிற கை வரவில்லை, மைக் பிடிக்கிற கைதான் வந்தது. பரவாயில்லை, குடும்பத்துக்கு ஒருவராவது உழைத்தால் போதும்தானே. அது என் அக்கா.

போன வருடம் எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் சுதாஜினி மிஸ் தாய்மார் ஆதரவுக் குழு ஒன்று அமைக்கக் கிளினிக்கில் கூட்டம் வைத்தா. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற பெண்களும் கர்ப்பிணிகளும் கூடிக் கதைத்து ஒருவருக்கொருவர் உதவுகிற குழு. அத்தானின் மகள் தேனுகாவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. கால் வீங்கிப் படுத்திருந்தாள். அக்கா வயலில். ஆகவே வீட்டுப் பிரதிநிதியாக அத்தான் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு போனார். தலைவியாக யார் வருகிறீர்கள் என்று மிஸ் கேட்க, பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பின்வரிசையில் ஒரு கை உயர்ந்துவிட்டது.

"ஐயா, இது தாய்மாருக்கான குழு," என்றா மிஸ்.

"தாய்மாருக்குச் சேவை செய்யத் தாயாத்தான் இருக்கோணுமெண்டு சட்டம் இருக்கோ, மிஸ்?" என்றார் அத்தான்.

அப்படி ஒரு சட்டம் இருக்கவில்லை. இருந்திருக்க வேண்டும். இப்படியாக, பால் கொடுக்கிற பெண்களுக்கு மீசை வைத்த ஒரு தலைவர் கிடைத்தார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், மனிதர் பாடத்தை நன்றாகத்தான் படித்தார். செத்த வீட்டில் இரங்கல் சொல்ல எழும்பினால்கூடத் தாய்ப்பாலுக்கு வந்துவிடுவார். "பிறந்தவுடனை வாற மஞ்சள் பாலைப் பீச்சி ஊத்தாதேங்கோ, அதுதான் பிள்ளைக்கு முதல் தடுப்பூசி. ஆறு மாதம் வரைக்கும் தண்ணிகூட வேண்டாம். குடிக்கேக்கை இடையிலை எடுக்காதேங்கோ. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு வயித்தோட்டம் குறைவு, சளி குறைவு. குடுக்கிற தாய்க்கும் நன்மை. பிள்ளைப்பேறோடை போற இரத்தம் குறையும், கர்ப்பப்பை கெதியாச் சுருங்கும், மார்புப் புற்றுநோய் வாறதும் குறையும்." எல்லாம் சரியான கதை. ஒரு வார்த்தை பிழையில்லை. ஏதோ தானே மூன்று பெற்றுப் பால் கொடுத்து வளர்த்தவர் மாதிரி நெஞ்சைத் தடவிக்கொண்டு சொல்வார். பந்தலில் இருக்கிற கிழவர்கள் தலையாட்டுவார்கள். அவர்களுக்குத்தானே அது மிகவும் பிரயோசனம்!

பிறகு தேனுகாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. சாருஜன் என்று பெயர் வைத்தார்கள். அவளுடைய கணவன் லக்ஷனுக்கு வவுனியாவில் வாகனம் திருத்துகிற ஒரு கராச்சில் வேலை, கிழமை முடிவில்தான் வருவான். ஆகவே பிள்ளையோடு அவள் தாய் வீட்டில் இருந்தாள்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். வீட்டுத்திட்டத்தில் கட்டியது. ஒரு விறாந்தை, இரண்டு அறை, பின்னால் சமைக்கக் குசினி. உள்கதவுகள் போடுகிற நேரத்தில் உதவிப் பணம் நின்றுபோனது. ஆகவே ஓர் அறைக்குத்தான் கதவு வந்தது, மற்றதற்கு அக்காவின் பழைய சேலை. கதவுள்ள அறையில் யார் இருக்கிறார்கள்? மரண சகாய சங்கத்துக் கதிரைகள் இருக்கின்றன. கொட்டகைத் துணி, ஒலிபெருக்கிப் பெட்டி, இரும்பு அலுமாரி, அத்தான் யார் யாருக்கோ மாலை போடுகிற படங்கள், எல்லாம் மின்விசிறியோடு சுகமாக இருக்கின்றன. பூட்டின் திறப்பு அத்தானின் அரைநாண் கயிற்றில். சேலை தொங்குகிற அறையில் தேனுகாவும் பிள்ளையும். குசினிக்குப் போகிற வழியும் அந்த அறைக்குள்ளால்தான்.

விடிந்தால் தலைவரைத் தேடிச் சனம் வரும். உரம் வரவில்லை, வாய்க்கால் உடைந்தது, கொட்டகை வேண்டும். வந்தவர்கள் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போவார்கள். போகிற போக்கில் சேலையை விலக்கி, "எங்கை, பேரனைப் பாப்பம்," என்பார்கள். தேனுகா பதறிப்போய்த் துவாயை இழுத்து மூடுவாள். பிள்ளை வாயை விட்டுவிட்டு வீரிட்டுக் கத்தும். ஒருமாதிரித் தேற்றி மறுபடி வாயை வைக்கிற நேரம் பார்த்து விறாந்தையிலிருந்து அத்தானின் குரல் வரும்: "அருந்ததி, நாலு தேத்தண்ணி!" பிள்ளை திரும்பவும் திடுக்கிடும். அந்தக் குஞ்சு குடித்ததைவிட அழுததுதான் கூட. குடிபடாத பால் தேங்கி அவளுக்கு மார்பு கட்டிப்போய்க் காய்ச்சலும் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தான், அந்த அறையைப் பிள்ளைக்குக் குடுங்கோவன்," என்று கேட்டேன்.

"ரஜிதா, அது பொதுச்சொத்து இருக்கிற அறை. நாளைக்கு ஒரு கதிரை குறைஞ்சால் ஆர் பதில் சொல்லுறது?"

"ஏன், கதிரையையும் பிள்ளை குடிச்சிடுமோ?"

"உனக்குப் பொதுவாழ்க்கை விளங்காது," என்றார்.

உண்மைதான், எனக்கு விளங்கவில்லை.

கிளினிக்கில் தராசில் வைத்து நிறுத்தபோது பிள்ளையின் நிறை ஏறவேயில்லை. சுதாஜினி மிஸ் தேனுகாவைப் பார்த்துச் சொன்னா, "உமக்குப் பால் இல்லாமலில்லை. பிள்ளை ஒழுங்காக் குடிக்கேல்லை, அவ்வளவுதான். ஆக்களில்லாத அமைதியான இடத்திலை இருந்து, ஒரு பக்கம் முடியும்வரைக்கும் விடும். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். அடுத்த முறையும் ஏறேல்லை எண்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்போணும்." பக்கத்தில் நின்ற அத்தான் மிகவும் உருக்கமாகத் தலையாட்டினார். 'தாய்க்கு அமைதியான சூழல்' என்பது அவருக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. ஓகஸ்ட் முதல் கிழமை தாய்ப்பால் வாரம் வருகிறது, பேச்சில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

தேனுகா என் தோளில் சாய்ந்து அழுதாள். "சித்தி, எனக்குப் பாலில்லையெண்டு சனம் கதைக்குது. என்ரை பிள்ளைக்கு நானே குடுக்கேலாமல் போயிடுமோ?"

தலைவரும் கவலைப்படாமலில்லை. கவலைப்பட்டுத்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். தாய்ப்பால் குழுத் தலைவரின் பேரனை நிறை குறைந்து ஆஸ்பத்திரியில் வைத்தால் மானம் என்னாவது? ஒருநாள், அரசாங்கக் கச்சேரியில் அலுவல் என்று சொல்லி பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போனார். எங்கள் சங்கக்கடையில் வாங்கினால் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் அல்லவா? முல்லைத்தீவில் மஸாஹிர் நானாவின் கடை இருக்கிறது. இடம்பெயர்ந்துபோய் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்து, வாப்பாவின் கடையை எடுத்துக் கட்டிய மனிதர். அங்கே ஒரு பால்மாத் தகரப் பேணியை வாங்கி, உரப்பைக்குள் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். அவசரத்துக்கு இருக்கட்டுமாம். இது எங்கள் எவருக்கும் அப்போது தெரியாது.

தாய்ப்பால் விழா வந்தது. வழமையாகப் பொதுநோக்கு மண்டபத்தில்தான் வைப்பார்கள். அதன் கூரைத் தகரத்தைச் சோளகக் காற்றுக் கொண்டுபோய்விட்டது. திருத்தவில்லையா என்று கேட்காதீர்கள், திருத்த வேலைக் குழுவுக்கும் தலைவர் இவர்தான். ஆகவே அத்தான் வீட்டு முற்றத்திலேயே கொட்டகை போட்டார்கள். விடியவே அறையைத் திறந்து கதிரைகளை வெளியே எடுத்தாயிற்று. மைக்கும் பேச்சு எழுதிய தாளும் பொன்னாடையும் கடைசியில் எடுக்கலாமென்று உள்ளேயே இருந்தன.

அந்த நேரம் மஸாஹிர் நானா ஓட்டோவில் விழாவுக்கு ஓடர் பண்ணிய பிஸ்கற்றும் சோடாவும் கொண்டுவந்து இறக்கினார். நல்ல மனிதர், நல்ல மனதோடுதான் கேட்டார்.

"தலைவர், பேரனுக்கு மா ஒத்துக்கொண்டதோ? இல்லாட்டி வேற சாமானும் இருக்கு, மாத்தித் தரலாம்."

அக்கா திரும்பினா. "என்ன மா, நானா?"

"அண்டைக்குத் தலைவர் வந்து வாங்கினாரே, பால்மா..." என்று இழுத்தவருக்கு, அத்தானின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. பிஸ்கற் பெட்டியை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார்.

அத்தான் சளைக்கவில்லை. "அது... கண்காட்சிக்கு! பாவிக்கக்கூடாத சாமான் இதுதானெண்டு தாய்மாருக்குக் காட்டோணுமெல்லே?"

அட, என்ன மூளை! அந்த மூளையில் ஒரு மூலையையாவது வயலில் போட்டிருந்தால் என் அக்கா இளைத்திருக்க மாட்டா.

சேலைக்குப் பின்னாலிருந்து தேனுகா வந்தாள். கையில் பிள்ளை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். தகப்பனை ஒருமுறை பார்த்தாள். திறந்திருந்த அந்த அறைக்குள் போனாள், கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் முற்றம் வரை கேட்டது.

அத்தான் முதலில் சிரித்துச் சமாளித்தார். சனம் வரத் தொடங்கியது. பிள்ளைகளோடு தாய்மார் வந்து கதிரைகளில் இருந்தார்கள். மிஸ்ஸும் வந்துவிட்டா. விளக்கு ஏற்றியாயிற்று, தலைமையுரைக்கு மைக் வேண்டும். அத்தான் கதவடிக்குப் போனார்.

"பிள்ளை, கதவைத் திறவம்மா. மைக் உள்ளை."

"பிள்ளை குடிக்குது."

"எழும்பி மைக்கை நீட்டிப்போட்டுக் குடன்."

"குடிக்கேக்கை இடையிலை எடுக்கக்கூடாதெண்டு நீங்கள்தானே செத்த வீட்டிலையும் சொன்னனியள்?"

முற்றத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அத்தானுக்கு வியர்த்தது. "அந்தப் பேச்செழுதின தாளையாவது தா, மோனை!"

யன்னல் கொஞ்சம் திறந்தது. ஒரு கை வெளியே வந்தது. தாளில்லை, பால்மாப் பேணி. "இதை மஸாஹிர் நானாட்டைத் திருப்பிக் குடுங்கோ." யன்னல் மூடிக்கொண்டது. மூடி உடையாத பேணியோடு தாய்ப்பால் குழுத் தலைவர் அத்தனை தாய்மாருக்கும் முன்னால் நின்றார். ஆக, அவர் சொன்ன கண்காட்சி நடக்கத்தான் செய்தது.

கடைசியில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கதவில் ஓங்கித் தட்டினார். "சனமெல்லாம் பாத்துக்கொண்டிருக்கு! தாய்ப்பால் விழாவைத் தொடங்கோணும், விளங்குதோ?"

உள்ளேயிருந்து தேனுகாவின் குரல் அமைதியாக வந்தது. "அது இஞ்சை தொடங்கி நடக்குதப்பா. நீங்கள்தான் வெளியிலை நிக்கிறியள்."

யாரும் சிரிக்கவில்லை. சுதாஜினி மிஸ் எழும்பிவந்து, அத்தானின் கையிலிருந்த பேணியை மெதுவாக வாங்கி மஸாஹிர் நானாவிடம் கொடுத்தா. "ஐயா, இருங்கோ. பிள்ளை முடிக்கட்டும்," என்றா. அத்தான் ஒரு கதிரையில் இருந்தார். எனக்குத் தெரிந்து, மைக் இல்லாமல், பேசாமல், சனத்தோடு சனமாக அவர் இருந்த முதல் விழா அதுதான். கதவுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளை அழவில்லை. அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோடா கொடுக்கப் போனா.

அன்றைக்கே கட்டில் அந்த அறைக்குப் போனது. கதிரைகள் மாட்டுக்கொட்டிலுக்குப் போயின. அடுத்த கிளினிக்கில் சாருஜனின் நிறை ஏறியிருந்தது. தேனுகா அங்கேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கதவுள்ள அறையைத் தாய்க்குக் கொடுக்கிற திட்டம் தன்னுடைய சிந்தனைதான் என்று அத்தான் இப்போது கூட்டங்களில் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். ஒரு நல்ல காரியத்துக்கும் தலைவர் வேண்டும்தானே!

போன கிழமை நான் அங்கே நின்றபோது மஸாஹிர் நானா ஓட்டோவை நிறுத்திவிட்டு வாசல் படலையடியில் நின்று, "தலைவர் இருக்கிறாரோ?" என்று உரக்கக் கூப்பிட்டார்.

முருங்கைக்குக் கீழே கதிரை போட்டுத் தன் கோப்புகளோடு இருந்த அத்தான் பதறியடித்து எழும்பி, வாயில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதேங்கோ, நானா. தலைவர் உள்ளை பால் குடிக்கிறார்."