சும்மா இராத கால்

மேல்மாடிப் பையன் டிரம் அடித்துப் பழகுகிறான். சாப்பாட்டு மேசைக்குக் கீழே என் வலது கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

எனக்குப் பன்னிரண்டு வயதில், பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில் இருந்தோம். பெல்பாட்டம் போட்ட அண்ணனின் ராக் குழுவுக்கு முதல் பெரிய மேடை கிடைத்தது. அன்று பார்த்து டிரம் அடிப்பவருக்குக் காய்ச்சல். ஒத்திகையைப் பார்த்துப் பார்த்தே எல்லாப் பாட்டுக்கும் அடிக்கத் தெரிந்தவள் நான்தான். ஆனால் பெரிய டிரம்மைக் காலால் மிதித்து அடிக்க வேண்டும்.

"பொட்டப்புள்ள கால ஆட்டுனா குடும்பம் வெளங்காது," என்று அம்மா வழியை மறித்தார்.

துறைமுகத்திலிருந்து மூட்டைத் தூசியோடு வந்த அப்பா, "நீளப் பாவாடையக் கட்டி விடு லா, காலு யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

ஈப்போ நகர் வரை பேர் வாங்கிய அந்தக் குழுவுக்கு, அன்று முதல் எனக்குக் கல்யாணம் ஆகும்வரை நான்தான் டிரம்.

"அத்தை, கால ஆட்டாதீங்க, மேசை ஆடுது," என்கிறாள் மருமகள்.

"ஆடட்டும் லா. மேல அவன் தாளம் தப்புறான். யாராச்சும் ஒருத்தர் சரியா அடிக்கணும்ல?" என்கிறேன்.