இங்கிலாந்திலிருந்து வந்த அமெரிக்க வண்டி

அப்பா இருந்தார், பெரியப்பா இருந்தார், அண்ணனும் நானும் இருந்தோம். அம்மாதான் வரவில்லை. "வண்டி நம்ம வாசல்ல வந்து நிக்கட்டும், அப்புறம் பாக்குறேன்" என்று ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

ரங்கூன் போட்டாதாங் ஆற்றோரக் கிடங்கில், மரப்பெட்டியில் பகுதி பகுதியாக வந்திருந்த எங்கள் மோட்டார் வண்டியைப் பர்மிய மேஸ்திரி பூட்டி முடித்திருந்தார். அப்பாவும் பெரியப்பாவும் துறைமுகத்தில் உழைத்துச் சேர்த்த பணம். மர வியாபாரி ஒருவரிடம் வண்டி ஓட்டிய அண்ணன், இனி சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டலாமென்று அந்த வேலையை விட்டிருந்தான்.

வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். பெட்டியில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னார்கள். இங்கிலாந்தில் செய்தது என்று படித்தேன்.

அப்பா முகம் மாறிவிட்டது. "அமெரிக்கா வண்டின்னுதானடா பணம் கட்டினோம்? வேணாம், திருப்பிக் குடுக்கச் சொல்லு."

அண்ணன் என்னையே பார்த்தான்.

"கம்பெனி அமெரிக்காவுதுதான்ப்பா. முழு வண்டியா கடல் தாண்டி அனுப்பினா கப்பல் கூலி கட்டுபடியாகலை. அதனால இங்கிலாந்துல ஒரு பட்டறை போட்டான். மொதல்ல சாமானை அங்க அனுப்பிப் பூட்டினான், இப்ப பல சாமானை அங்கேயே செய்யறான். அயர்லாந்துலயும் பட்டறை இருக்கு, டென்மார்க்லயும் இருக்கு. படிச்சிருக்கேன்."

அப்பா அசையவில்லை. பெரியப்பாதான் சிரித்தார். "ஏண்டா தம்பி, உன் மவனுங்க ரெண்டு பேரும் ரங்கூன்லதான பொறந்தானுவ? நம்ம பயலுவ இல்லைன்னு திருப்பியா அனுப்பிச்சே?"

அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். அண்ணன் சாமி கும்பிட்டு, இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தான். எதிரே பிடிக்க ஒன்றுமில்லை. அவன் முன்பு ஓட்டிய மர வியாபாரியின் வண்டி அமெரிக்காவிலேயே செய்தது; அதில் சுக்கான் இடப்பக்கம். இங்கிலாந்துப் பட்டறையோ அந்த ஊர்ச் சாலைக்கேற்ப வலப்பக்கம் வைத்திருந்தது.

"வண்டி தானாவே போவுமாடா?" என்றார் பெரியப்பா.

அண்ணன் வலப்பக்கம் நகர்ந்து வண்டியை எடுத்தான். எலுமிச்சம்பழம் நசுங்கிற்று. இத்தனை காலம் இடது முழங்கையை ஒட்டியே வண்டியின் ஓரத்தைக் கண்டவன், இப்போது அது எங்கே முடிகிறதென்று தெரியாமல் மட்கார்டைக் கிடங்கு வாசல் தூணில் மோதினான். இறங்கி நின்றான். வேலையும் போயிற்று, வண்டியும் கைக்கு வரவில்லை என்று அவன் முகமே சொல்லிற்று.

அப்பா இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கிக்குச் சைகை காட்டுகிற கை அவருக்கு. அதை வெளியே நீட்டி, "ஏறுடா. வா… வா… ஒரு சாண் இருக்கு… வலத்தே ஒடி" என்று ஆற்றோரச் சாலை நெடுகக் கத்திக்கொண்டே வந்தார். ரிக்‌ஷாக்காரர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வீடு வருவதற்குள் அப்பாவின் குரல் குறைந்து, கை மட்டும் ஆடியது; கடைசித் திருப்பத்தில் அதையும் மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் தானே திருப்பினான்.

அம்மா ஆரத்தி சுற்றிவிட்டு மட்கார்டைத் தடவினாள். "புது வண்டின்னீங்களே?"

மறுநாள் மேஸ்திரியே வந்து அதை நிமிர்த்தினார். அவருக்கு ஒன்றரை ரூபாய், எலுமிச்சம்பழத்துக்கு நாலணா. புது வண்டி வீடு வந்து சேர்ந்த செலவு, ஆக மொத்தம் ஒன்றேமுக்கால் ரூபாய்.