மோட்டார் கம்பெனியில் புகார் எழுதினேன்

மோட்டார் கார் விற்கிறவருக்குக் கைகுலுக்கல் கிடைக்கும். அது கெட்டுப்போன பிறகு வசவு வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், மதுரையில் அந்த ஆள் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் ரிப்பேர் குமாஸ்தாவாக இருந்தேன். வண்டிக்காரர்கள் தமிழில் திட்டுவார்கள். நான் அதை மரியாதையான இங்கிலீஷில் எழுதி மெட்ராஸ் ஆபீசுக்கு அனுப்புவேன். வண்டியை ரிப்பேருக்கு விட்டுவிட்டு, 'நாளைக்கு வாங்க' என்ற பதிலோடு நடந்தே வீடு திரும்பியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்த 'நாளைக்கு' சொன்ன வாய்க்கும் வலி உண்டு என்று நம்புங்கள்.

கடகட சத்தம்

செல்லூர் ஜவுளி வியாபாரி ஒருவர், புதுக் காரின் பின்பக்கம் கடகடவென்று சத்தம் கேட்கிறது என்று வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தார். எங்கள் தலைமை ஃபிட்டர் மீரான் பாய் ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டினார், சைலன்சரைக் கழற்றி மாட்டினார். சத்தம் போகவில்லை. ஏமாற்றிவிட்டோம் என்று வியாபாரி கடைத்தெரு முழுக்கச் சொல்ல ஆரம்பித்தார்.

ஐந்தாவது வாரம் பாய் பின்சீட்டையே தூக்கி வெளியே வைத்தார். அடியில், துணி அளக்கிற இரும்புக் கஜக்கோல் கிடந்தது. துணி மூட்டையோடு ஏறி, சீட்டு இடுக்கில் நழுவியிருக்கிறது. நாங்கள் சிரித்தோம். வியாபாரி சிரிக்கவில்லை. கோலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "இதைத் திருடிட்டான்னுதான் பன்னெண்டு வருஷம் எங்கிட்ட வேலை பார்த்தவனை வெளிய அனுப்பினேன். இப்ப அவன் வாசல்ல போயி நான் என்னன்னு நிக்கிறது பாய்?"

ரேடியேட்டரில் அயிரை

உசிலம்பட்டிப் பக்கத்து நிலக்காரர் ஒருவரின் கார், மூன்று மைலுக்கு ஒருமுறை ஆவி விட்டுக்கொண்டு நின்றது. ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தால் களிமண், பாசி, செத்துப்போன அயிரை மீன் ஒரு கைப்பிடி. டிரைவர் கண்மாய் கண்ட இடத்திலெல்லாம் வாளியை விட்டு மொண்டு ஊற்றியிருக்கிறான். கம்பெனி இதற்குப் பொறுப்பில்லை, சுத்தமான தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று நான் பணிவாக விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்பக் காரை விக்கையிலயே ஊருக்கு ஒரு தண்ணிக் குழாயும் சேத்துல்ல வித்திருக்கணும்?"

கைநாட்டு

இது நான் வெட்கப்படுகிற கதை. மெட்ராஸிலிருந்து கூட்ஸ் ரயிலில் வந்த ஒரு கார், இறக்கும்போது பலகையிலிருந்து சரிந்து விழுந்தது. இடது மட்கார்டு நசுங்கியது. முன் அச்சும் லேசாக வளைந்தது. அச்சை மாற்றியே ஆகவேண்டும் என்றார் மீரான் பாய். மானேஜர் மட்கார்டைத் தட்டிப் பெயிண்ட் அடிக்கச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். அந்தக் காரைத் திருவாதவூர் சோலைமலை வாங்கினார். கிணற்று வயலை விற்று, வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கலாம் என்று வந்தவர். எல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

பத்தாம் நாள் ஒரு கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போகையில் வண்டி இடது பக்கம் இழுத்து வாய்க்காலில் இறங்கிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. சோலைமலை வண்டியை மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். மானேஜர் இங்கிலீஷில் ஒரு காகிதம் டைப் அடித்து, அவரிடம் கைநாட்டு வாங்கி வா என்று என்னிடம் கொடுத்தார்.

பெருவிரலில் மை தடவிக்கொண்ட பிறகு சோலைமலை, "என்ன எழுதியிருக்கு தம்பி?" என்று கேட்டார். என்னை நம்பித்தான் கேட்டார். உள்ளதை உள்ளபடி படித்துக் காட்டினேன்: தானே மாட்டு வண்டியில் மோதிவிட்டதாகவும், கம்பெனி பொறுப்பல்ல என்றும் அவர் ஒப்புக்கொள்கிறாராம். ரயிலடியில் நடந்ததையும் சொல்லிவிட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. விரலைத் துண்டில் துடைத்துவிட்டு, ஷோரூம் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இரண்டு நாள், கார் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பலகை சரிந்த கதையை நிதானமாகச் சொன்னார். மூன்றாம் நாள் காலை மானேஜரே மெட்ராஸுக்குத் தந்தி அடித்துப் புது அச்சு வரவழைத்தார். அச்சு வந்த வாரமே என்னை டயர் கோடவுனுக்கு மாற்றினார். ரப்பர் நாற்றத்தில் தலைவலி வந்ததே தவிர, தூக்கம் நன்றாக வந்தது.

வண்டியை எடுக்க வந்த சோலைமலை கோடவுன் வரைக்கும் தேடிக்கொண்டு வந்து சொன்னார்: "நீங்க படிச்சுச் சொல்லாட்டி, என் கைநாட்டே என் மேல பொய் சொல்லியிருக்கும் தம்பி."

ஏழு வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: எதைக் கெடுத்தாலும் சரிசெய்துவிடுகிற கெட்டிக்காரர்கள் நிறைந்த கம்பெனியில், யார் கெடுத்தது என்று கேட்டால் மட்டும் எல்லோரும் அன்றைக்கு லீவு.