ஐந்தாம் கோடாலி வேர்த்த கதை

பிழை என்னுடையது. ஈரம் உறிஞ்சும் மணிகளை மாற்றி வைத்தேன். மண்ணுக்குள் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் தாங்கின இரும்பு, என்னிடம் மூன்று மாதம் தாங்கவில்லை. மியூசியக் காவல் நின்றுகொண்டே செய்கிற தொழில். நாள் முழுக்க நின்று பிழைக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: பின்னேரம் ஆனால் கால் மட்டும்தான் விழித்திருக்கும்.

பிடி

பென்சனுக்குப் பிறகு கிடைத்த வேலை. என் அறையில் ஏழு கோடாலித் தலைகள், இந்த ஜேர்மன் ஊர்க்காரரின் பழைய கல்லறைகளில் கிண்டியெடுத்தவை. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு வந்த வுப்பர்டால் தமிழ்க் குடும்பம் ஒன்று மறுநாள் மழைக்கு உள்ளே ஒதுங்கியது. ஏழு தலையையும் பார்த்து முடித்த தகப்பன், பிடிகள் எங்கே என்று கேட்டார். மரம் உக்கிப் போய்விட்டது, இரும்புதான் மிச்சம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பிடியில்லாத கோடாலியைக் காக்கிறதுக்கு ஒரு ஆள் வேணுமோ, அண்ணை?”

பச்சை

கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் ஒரு இழுப்பறை. அதற்குள் மணிகள். அவை ஈரத்தைக் குடிக்கும், இரும்பு துருப்பிடிக்காது. இதைக் கவனிப்பவர் பழுதுபார்க்கும் நிபுணர் ஃபிராவ் லோமன். முழங்கால் ஒப்பரேஷனுக்குப் போகமுன் என்னைக் கூப்பிட்டு, நிறம் மாறினால் வாளியில் இருப்பதைப் போடு என்று சொல்லித் தந்தார். தலையாட்டினேன். எனக்கு எதையும் இரண்டு தரம் கேட்கிற பழக்கம் இல்லை.

அடுத்த கிழமை திறந்தால் மணிகள் செம்மஞ்சள். நிறம் மாறிவிட்டது என்று நினைத்தேன். களஞ்சியத்தில் மூடியோடு இரண்டு வாளிகள். ஒன்றில் செம்மஞ்சள், மற்றதில் பச்சை. செம்மஞ்சளை அள்ளி அதன் வாளியில் கொட்டினேன், பச்சையைப் போட்டேன். பிறகு மாதாமாதம் திறந்து பார்த்தேன். பச்சை மாறவே இல்லை. திருப்தி. பக்கத்து அறைக் காவலாள் யூர்கனும் எட்டிப் பார்த்தான்.

“பச்சை என்றால் எல்லாம் ஒழுங்கு.”

லீக்

தமிழ்நாட்டுப் பொறியாளர் ஒருவர் பார்க்க வந்தார், கணினி வேலை. ஐந்தாம் கோடாலியின் முன் கன நேரம் குனிந்து நின்றார். பிறகு என்னிடம் வந்து, அது லீக் ஆகிறது என்றார். இரும்பு எப்படி லீக் ஆகும்? எரிச்சலோடு போய்ப் பார்த்தேன். வாய் விளிம்பில் கடுகு போலப் பழுப்புத் துளிகள். கீழே வெள்ளைத் துணியில் நகத்துண்டு அளவில் ஒரு செதில். பழைய இரும்பு அப்படித்தான் என்று சொல்லி வைத்தேன்.

“நான் சாஃப்ட்வேர்தான் சார். ஆனா எனக்கே இது நார்மலா தெரியல.”

Termin

அன்றைக்கே அலுவலகத்துக்குப் போன் போட்டேன். விளிம்பு கொட்டினால் கோடாலி முடிந்தது. பிறகு ஒட்ட ஏலாது. ஃபிராவ் லோமனின் Termin, குறித்த நாள், மூன்று கிழமை கழித்துத்தான், அதுவரை தொடவேண்டாம் என்றாள் அங்கிருந்த பிள்ளை. மூன்று கிழமையில் கொட்டிவிடும் என்றேன். அவள் கோபப்படவில்லை.

“கோடாலிக்கும் Termin வேண்டும், ஐயா.”

காது

மறுநாள் காலை, கதவு திறக்கமுன், இழுப்பறையை இழுத்து வைத்துக்கொண்டு நின்றேன். நிலம் துடைக்க வந்த மன்னார்ப் பெண் வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். அவருக்குக் காது மந்தம். எதையும் இரண்டு தரம் சொல்லவேண்டும் என்பதால் நான் அவரோடு அதிகம் பேசுவதில்லை. மணிகளைப் பார்த்ததும் காதுக்குள் இருந்த மிஷினைக் கழற்றி என் மூக்குக்கு நேரே பிடித்தார். அதை ஒவ்வொரு நாளும் இதே மணிகள் போட்ட போத்தலுக்குள்தான் காயவைக்கிறாராம். செம்மஞ்சள் என்றால் காய்ந்தது. பச்சை, ஈரம் குடித்து நிரம்பினது.

ஃபிராவ் லோமனின் வீட்டுக்கே போன் போட்டேன். உடனே மாற்று என்றார். மாற்றினேன். மூன்றாம் நாள் துளிகள் காய்ந்தன. அந்தச் செதிலுக்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. பிறகு ஃபிராவ் லோமன் ஊன்றுகோலோடு வந்து, விளிம்பைத் தூரிகையால் துடைத்து, கோடாலி தப்பிவிட்டது என்றார். நான் மன்னார்ப் பெண்ணிடம் நன்றி சொன்னேன். கேட்கவில்லை போல. திரும்பவும் சொன்னேன்.

“முதலே கேட்டது, அண்ணை. நீங்கள் இரண்டு தரம் சொல்லுவியளோ எண்டு பாத்தனான்.”

பிடியில்லாத கோடாலியைக் காக்க ஒரு ஆள் வேணுமோ என்று கேட்ட வுப்பர்டால்காரருக்கு இப்போது பதில் சொல்வேன்: ஓம், வேணும், ஆனால் அந்த ஆள் நானில்லை, நிலம் துடைக்கிற மன்னார் பிலோமினா.