இன்னும் ஒரு பூச்சு

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டில் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு மூன்று சுவர்கள்தான். நாலாவது சுவர் என் பழைய சேலை. கல்யாணமாகி வந்த புதிதில், "அடுத்த வாரம் கட்டிரலாம் கண்ணு" என்றார் என் கணவர். எங்கள் மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் அந்த அடுத்த வாரம் வரவில்லை. கதவில்லாத ஆட்டுக் கொட்டகை, பிஸ்கட் டப்பாவில் பிரித்துப் போட்ட ரேடியோ என்று வீடு முழுக்க அவருடைய அரைகுறைகள். சோம்பேறி என்றும் சொல்ல முடியாது. நாள் முழுக்க எதையாவது நோண்டிக்கொண்டேதான் இருப்பார். அதுதான் எனக்கு எரிச்சல்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. துபாயில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் லீவுக்கு வந்தபோது, பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்கிற பொம்மை விமானப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கூடவே பசை. அப்புறம், பற்பசை மாதிரி ஒரு டியூபில் வெள்ளைப் புட்டி. துண்டுகள் சேருமிடத்தில் விழுகிற சந்துகளை அதை வைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்தால் ஒட்டிய தடமே தெரியாதாம்.

"இதையாச்சும் முடிச்சு வெப்பியாடா?" என்று அண்ணன் சிரித்தார். நாமக்கல்லில் இருக்கும் அவர் மனைவி, என் ஓரகத்தி, அவரைவிடக் கொஞ்சம் கூடவே சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த ஆடிக்கு அண்ணன் மறுபடி வருகிறார் என்றதும், எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஓரகத்திக்குப் போன் போட்டேன். என் வாய் சும்மா இருக்குமா? "ஏரோப்ளேன் எப்பவோ முடிஞ்சிருச்சுங்க அக்கா. வந்து பாருங்க" என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இறக்கைக்கும் உடம்புக்கும் நடுவே நகம் நுழைகிற சந்து.

என் கணவருடையது மண்சுவர் பூசிப் பழகிய கை. புட்டியையும் ஒரே அப்பாக அப்பினார். மேலே காய்ந்தது, உள்ளே காயவில்லை. சுருங்கி நடுவில் வெடிப்பு விட்டது. அதன்மேல் இன்னொரு அப்பு. மறுபடி வெடிப்பு. மெல்லிசாகப் பூசு, காயவிடு, அப்புறம் மறுபடி பூசு என்று டியூபோடு வந்த தாளில் படமே போட்டிருந்தது. அந்தத் தாள் மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் கிடந்தது.

"ஏனுங்க, கொஞ்சங் கொஞ்சமாப் பூசுனா என்னங்க?"

"செவுத்துக்கு அப்பிடியா பூசறோம்?"

"இது செவுரு இல்லீங்களே."

"எல்லாம் ஒண்ணுதான் கண்ணு."

சுவரையே முடிக்காத மனுஷன் எனக்குச் சுவரை உதாரணம் காட்டுகிறார். நான் எழுந்து போய்விட்டேன்.

அண்ணன் வருகிற வாரம் சாரல் பிடித்துக்கொண்டது. துவைத்த துணியே காயாத ஈரத்தில் புட்டி எங்கே காயும்? மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் பக்கம் எது நனைந்தாலும் அடுப்புக்கு மேலே மூங்கில் பரணில் ஏற்றிவிடுவோம். விறகு, விதை, புளி, மகனின் பள்ளிக்கூட நோட்டு, எல்லாம் அங்கேதான். விமானத்தையும் ஏற்றிவிட்டார். சாமைச் சோறு வெந்து இறங்குவதற்குள் புட்டி நன்றாகவே காய்ந்திருந்தது. இறக்கைகள் மட்டும் அடைகாக்கிற கோழிக்குப் போல இரண்டு பக்கமும் தொங்கின.

"காஞ்சிருச்சு பாரு சாமி" என்று என் கணவரிடம் பெருமையாக நீட்டினார் மாமியார். மறுநாள் சாயங்கால பஸ்ஸில் அண்ணனும் ஓரகத்தியும் வருகிறார்கள். அக்காவின் சிரிப்பு எனக்கு அப்போதே காதில் கேட்டது. அழுகையே வந்துவிட்டது.

காலையில் என் கணவர் வெந்நீரில் இறக்கையை முக்கி, விரலால் மெல்ல நிமிர்த்தினார். பழைய புட்டியெல்லாம் உதிர்ந்தது. பிறகு அந்த மனுஷனா இது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற அளவுக்கு மெல்லிசாக ஒரு பூச்சு. மிஞ்சியதை ஈரத்துணியால் வழித்தார். கரண்ட் இல்லை, நான் முறத்தால் விசிறினேன். காய்ந்ததும் அடுத்த பூச்சு. மத்தியானச் சோறு ஆறிக் கிடந்தது. நைஸ் உப்புத்தாளால் தேய்த்து நிமிர்ந்தபோது, சந்து இருந்த இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த ஆசை கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

பஸ் வந்தது. அண்ணன் கைகால்கூடக் கழுவாமல் விமானத்தைத் தூக்கி, வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார்.

"அட, முடிச்சுட்டியேடா!"

நான் ஓரகத்தியின் முகத்தை ஆற அமரப் பார்த்தேன். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்தேன்.

"இல்லீங்ணா" என்றார் என் கணவர். விமானத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்தார். "இங்க லேசாத் தடம் தெரியுது. இன்னும் ஒரு பூச்சு இருக்குது."

அந்த முறத்தாலேயே நாலு போடலாமா என்று வந்தது எனக்கு. ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை. "எங்கடா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். லீவு முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பூச, ஒருவர் தேய்க்க. இறக்கை முடிந்தால் வால், வால் முடிந்தால் மறுபடி இறக்கை. ஓரகத்தி சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, இன்னும் ஒரு பூச்சு" என்றார் அண்ணன். அக்காவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. நானும் அக்காவும் சேலைக்கு வெளியே மாறி மாறிக் காவல் நின்று குளித்தோம்.

கிளம்பும் அன்று அண்ணன் பஸ் ஜன்னலில் தலையை நீட்டித் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அடுத்த லீவுக்கு வாரேன். அதுக்குள்ள முடிச்சிராதடா."

யாரிடம் போய் என்ன பயம் பாருங்கள்.