பிஸ்டல் நாளின் சிவப்புக் கொடி

சண்டைக் காலத்தில், ஆவடியில் பட்டாளத்துக்காரர்கள் சுட்டுப் பழகும் மைதானத்தில் என் வீட்டுக்காரருக்கு வேலை. குறிப்பலகைக்குக் கீழே ஆள் ஆழத்துக்கு ஒரு பள்ளம், அதற்கு முன்னால் மண்கரை. அந்தப் பள்ளத்துக்குள் இருந்துகொண்டு, குண்டு பட்டால் வட்டத் தட்டு கட்டிய கழியை உயர்த்துவார். தப்பினால் சிவப்புக் கொடியை ஆட்டுவார். பிறகு ஓட்டை மேல் காகிதம் ஒட்டுவார்.

ரைபிள் நாளில் எனக்குக் கவலையே கிடையாது. இருநூறு கஜத்திலிருந்து சுட்டாலும் குண்டு அவர் தலைக்கு மேலே பலகையில் போய் உட்காரும். பிஸ்டல் நாள் வந்தால்தான் பயம்.

"கொழா குட்டைமே. கை துளி ஆடினாலும் குண்டு எங்கியோ பூடும்," என்பார்.

அது முன்கரையில் மோதிக் கல்லை வாரி அடிக்கும். கூட வேலை செய்த ஒருவருக்கு அப்படித்தான் ஒரு கண் போனது. பிஸ்டலைப் பக்கத்தில் நின்று சுட்டால் என்ன கேடு! ஒரு துரைக்கு மட்டும், ரைபிள் தூரத்திலேயே பிஸ்டலால் அடித்துக் காட்ட வேண்டுமென்று வீம்பு.

அந்தத் துரை சுட வந்த அன்று சோறு எடுத்துக்கொண்டு போய் மைதானத்தின் பக்கவாட்டு வேலிக்கு வெளியே நின்றேன். டுமீல். கொடி ஆடியது. அப்பாடா, மனுஷன் இருக்கிறார். மறுபடி டுமீல், மறுபடி கொடி. துரைக்கு அவமானம்; எனக்கோ போன உயிர் திரும்பி வந்தது. ஐந்து குண்டுக்கும் ஐந்து முறை கொடி ஆடியது.

ஆறாவது குண்டுக்குக் கொடியும் வரவில்லை, கழியும் வரவில்லை.

சோற்றுச் சட்டியைப் போட்டுவிட்டு வேலிக்குள் புகுந்து ஓடினேன். யாரோ கத்தினார்கள், விசில் ஊதினார்கள். எனக்கு எங்கே காதில் விழுந்தது! பள்ளத்தை எட்டிப் பார்த்தால், மகராசன் கழியைக் கையில் பிடித்தபடி பலகையையே வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"யோவ், கொடி எங்கய்யா?"

"பட்டுச்சுமே! ஓரத்துல பட்டுக்கீது. நம்ப முடியாம பாத்துகினு கீறேன்," என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "உனுக்கு இன்னா பைத்தியமா? சுடற எடத்துல ஓடியாரியே, உனுக்கு ஒன்னு ஆச்சின்னா நான் இன்னாமே பண்ணுவேன்?"

நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு பிஸ்டல் நாளில், குண்டு பட்டாலும் சரி, தப்பினாலும் சரி, முதலில் கொடியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் பலகையையே பார்ப்பார். பட்ட குண்டுக்கு எதற்கடா கொடி என்று ஹவில்தார் வந்து எகிறினாராம். இவர் சொன்னாராம்:

"அது தொரைக்கு இல்லீங்க. வேலிக்கு அந்தாண்ட என் ஊட்டுக்காரி நின்னுகினு கீறா."