சிவப்புக் கட்டை விளக்கு

ஆம்பூர் பைபாஸுக்குப் பின்னால் இருக்கும் பால்வாடியில் சம்பூர்ணம் டீச்சருக்கு இது பதினோராவது வருடம். "விளையாடவா அனுப்புறோம்? ஏ பி சி டி சொல்லிக் குடு டீச்சர்" என்று தாய்மார்கள் சண்டைக்கு வருவார்கள். அவள் சிரித்துக்கொள்வாள். வாயால் சொல்லத் தெரியாததைப் பிள்ளைகள் விளையாடிக் காட்டிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

நான்கு வயதுத் தமிழினி அப்படித்தான் வாய் திறந்தாள். அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து குடும்பம் வந்து மூன்று மாதம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் மரக்கட்டையைக் காதில் வைத்து, "அலோ" என்றாள். சம்பூர்ணம் இன்னொரு கட்டையைக் காதில் வைத்து, "அலோ, யாரு பேசுறது?" என்றாள். அன்று தொடங்கிய பேச்சு நிற்கவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை குழந்தை ஒரு சிவப்புக் கட்டையில் நூல் கட்டி, காலி டிரம்முக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி செய்யற?"

"டேனரி தொட்டி டீச்சர். இது விளக்கு. எரியுது பாரு. அப்பா எறங்கலாம்."

கட்டையை மேலே இழுத்தாள். பொம்மையின் இடுப்பில் நூலைக் கட்டினாள்.

"நாளைக்கி நெஜமாவே எறங்குவாரு. அம்மாகிட்ட சொன்னாரு."

தமிழினியின் அப்பா கன்னியப்பனைப் போலச் சம்பூர்ணத்தின் புருஷனும் கிணறு தூர் வாரியவன்தான். கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்க மாட்டார்கள். அதே நம்பிக்கையில்தான் டேனரியின் தோல் கழிவுத் தொட்டியிலும் இறங்கினான். அவன் உடலை மேலே தூக்கியபோதும் அந்தப் பாழாய்ப்போன விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது!

மூன்றரை மணிக்குக் கன்னியப்பன் மகளைக் கூட்டிப்போக வந்தான்.

"நாளைக்கித் தொட்டியில எறங்காதப்பா."

"இன்னா டீச்சர், நாப்பது கெணறு பாத்தவன் நான். விளக்கு எரிஞ்சா பயமில்ல."

"என் வீட்டுக்காரர் செத்தப்பவும் எரிஞ்சுதுப்பா. கெணத்துக் காத்து வேற, தோல் தொட்டி காத்து வேற. அந்த விஷத்துக்கு விளக்கு அணையாது. மொதல்ல அழுகுன முட்டை நாத்தம் அடிக்கும். அப்புறம் நாத்தமே தெரியாது. அவ்ளோதான்."

கன்னியப்பன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. மூலையில் தமிழினி டிரம்முக்குள் தலையை விட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா... அப்பா... மேல வாப்பா." நூல் அறுந்து அவள் கையில் தொங்கியது. "டீச்சர், அப்பா பேசல."

அவன் ஓடிப்போய் மகளை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அப்போதே மேஸ்திரிக்குப் போன் போட்டான்.

"நாளைக்கி நான் வரலண்ணே. அந்தத் தொட்டி ஆளைக் கொன்னுடும். யாரையும் எறக்காதீங்க."

அந்தப் பக்கத்துக் குரல் சம்பூர்ணத்துக்கும் கேட்டது. "உன்ன விட்டா ஆளா இல்ல? உமர் ஃபாரூக் வர்றேன்னு சொல்லிட்டான். வைய்யி போன."

உமர் ஃபாரூக்கின் மகள் தூபாவும் இதே பால்வாடிதான். அம்மா வரும்வரை வாசலில் செருப்போடு உட்கார்ந்திருந்தவள், இப்போது எழுந்து வந்து டிரம்முக்குள்ளிருந்த பொம்மையை எடுத்தாள்.

"இப்ப எங்க அப்பா எறங்குவாரு" என்றாள்.

சம்பூர்ணம் பொம்மையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். குழந்தை வீறிட்டது. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கன்னியப்பனைப் பார்த்தாள்.

"வண்டிய எடுப்பா. ஃபாரூக் வீட்டுக்குப் போவணும்."